பல ப்ரொவைடர்கள், ஒரே லாகின்: ஓப்பன்ஐடி கனெக்ட் வேறுபாடுகளைக் கையாள முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் எந்த டீமுக்கும் இந்த வேலை ஒருநாள் வந்து சேரும். முதலில் கூகுள் லாகின் மட்டும் இருக்கும். பிறகு ஒரு பெரிய வாடிக்கையாளர் வந்து, எங்கள் ஆட்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் நுழைவார்கள் என்பார். இன்னொருவர் கீக்ளோக் எனும் லாகின் சர்வரைச் சொந்தமாக நடத்துவார். ஐபோன் ஆப் வெளியிடும்போது ஆப்பிள் லாகினும் வரிசையில் சேரும்.

இப்படி லாகினை நமக்காகச் செய்து தரும் சேவைகளைத்தான் ப்ரொவைடர் என்கிறோம். எல்லாமே ஓப்பன்ஐடி கனெக்ட் எனும் பொது லாகின் நெறிமுறையைப் பேசுவதாகத்தான் சொல்லும். பேசவும் செய்யும், ஒவ்வொன்றும் தன் வட்டார வழக்கில். எச்எஸ்ஆர் லேஅவுட்டில் இருக்கும் எங்கள் டீமில் இந்த இணைப்புகளைப் பலமுறை செய்திருக்கிறேன். கோவையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் புதிதாக வந்து சேர்ந்தவர்கள் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். கோடு எழுத எல்லோருக்கும் வருகிறது. எதை முதலில் முடிவு செய்வது என்பதில்தான் கால் இடறுகிறது. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு ப்ரொவைடரிலும் குறைந்தது இரண்டு சோதனைக் கணக்குகள் வேண்டும்: ஒன்று தனிநபர் கணக்கு, இன்னொன்று நிறுவனக் கணக்கு. இரண்டுக்கும் வரும் டோக்கன், அதாவது நுழைந்தவர் யார் என்று ப்ரொவைடர் கையெழுத்திட்டுத் தரும் சான்று, ஒன்றாக இருக்காது. உங்கள் சொந்த ஜிமெயிலில் மட்டும் சோதித்துவிட்டு வெளியிட்டால், நிறுவனக் கணக்கில் வரும் வித்தியாசத்தை வாடிக்கையாளர்தான் முதலில் பார்ப்பார்.

எச்டிடிபிஎஸ் உள்ள ஒரு சோதனை டொமைன் வேண்டும். ஆப்பிள், சொந்தக் கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் முகவரியைத் திரும்பும் முகவரியாக (லாகினுக்குப் பின் பயனர் வந்து சேரும் இடம்) ஏற்காது. கடைசி வாரத்தில் இதைக் கண்டுபிடித்து டொமைனுக்கு அலைவதைவிட முதல் நாளே வாங்கி வைப்பது நல்லது.

டோக்கன் கையெழுத்தைச் சரிபார்க்கும் கோடை நீங்களே எழுத வேண்டாம். ஓப்பன்ஐடி ஃபவுண்டேஷன் சான்று பெற்ற லைப்ரரிகளின் பட்டியல் பொதுவில் இருக்கிறது, உங்கள் மொழிக்கு அதிலிருந்து ஒன்றை எடுங்கள். அப்புறம், ஸ்டேஜிங் எனும் சோதனைச் சூழலுக்கும் புரொடக்ஷனுக்கும் தனித்தனி கிளையன்ட் பதிவு, அதாவது ப்ரொவைடரிடம் உங்கள் ஆப்பின் பதிவு. ஒரே பதிவை இரண்டுக்கும் வைத்தால், சோதனைச் சூழலிலிருந்து கசியும் சீக்ரெட் (ஆப்பின் கடவுச்சொல்) நேராக உண்மைப் பயனர்களின் கதவைத் திறக்கும்.

2. முதலில் அட்டவணை, பிறகுதான் கோடு

ஒவ்வொரு ப்ரொவைடரும் தன் திறன்களை ஒரு ஜேசன் ஆவணத்தில் வெளியிடும். இஷ்யூயர் முகவரியோடு, அதாவது டோக்கன் வழங்குபவரின் முகவரியோடு, ‘வெல்-நோன்’ பாதையைச் சேர்த்தால் பிரவுசரிலேயே திறக்கலாம். அதைத் திறந்து, ஒரு விரிதாளில் ப்ரொவைடருக்கு ஒரு வரி எழுதுங்கள். இஷ்யூயர் மதிப்பு, கிளையன்ட் தன்னை நிரூபிக்கும் முறை, விடை திரும்பும் முறை, பயனர் விவர முகவரி உண்டா, லாக்அவுட் முகவரி உண்டா, கையெழுத்து ஆல்கரிதம் எது. இவ்வளவு போதும்.

இதை ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், காலியாக இருக்கும் கட்டங்கள்தான் பின்னால் பிழைகளாக வரும். கூகுளின் ஆவணத்தில் லாக்அவுட் முகவரி இருக்காது. ஆப்பிளிடம் பயனர் விவர முகவரியே கிடையாது. இந்த இரண்டும் எப்போதும் இருக்கும் என்று நம்பி எழுதிய கோடு, அங்கே போய் விழும்.

கிட்ஹப் இந்த அட்டவணைக்குள் வராது. பயனர் லாகினுக்கு அது தருவது வெறும் ஓஆத்2 (அனுமதி தரும் நெறிமுறை), பயனர் யார் என்று சொல்லும் ஐடி டோக்கன் கிடையாது. பிழை நேர்ந்தாலும் டோக்கன் முகவரி 200 என்ற நிலைக் குறியோடுதான் பதில் தரும், பிழை உள்ளே எழுதியிருக்கும். பயனரின் மின்னஞ்சல் காலியாகவும் வரலாம், அதற்கு வேறு முகவரியைக் கேட்க வேண்டும். அதைத் தனி வேலையாகப் பிரித்து வையுங்கள்.

நம் எலக்ட்ரானிக் சிட்டி ஐஐஐடி-பெங்களூரில் பிறந்த, நாடுகளின் அடையாள முறைகளுக்கான மோசிப் திட்டத்தின் ஈ-சிக்னெட் லாகின் சேவையை இணைக்க நேர்ந்தால் இன்னொரு வித்தியாசம் தெரியும். அங்கே கிளையன்ட் சீக்ரெட் கிடையாது, தனிச் சாவியால் கையெழுத்திட்டுத்தான் நம்மை நிரூபிக்க வேண்டும். பயனர் விவரமும் சாதாரண ஜேசனாக வராமல் கையெழுத்திட்ட டோக்கனாக வரும். நெறிமுறை இரண்டையும் அனுமதிக்கிறது, பல லைப்ரரிகளின் இயல்பு அமைப்புதான் அதை எதிர்பார்ப்பதில்லை.

3. பயனரை எதை வைத்து அடையாளம் காண்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். மற்ற தவறுகளைப் பிறகு திருத்தலாம். இதைத் தவறாக வைத்தால், டேட்டாபேஸில் உள்ள ஒவ்வொரு பயனரையும் மறுபடி அடையாளம் காண வேண்டிவரும்.

புதியவர்கள் எல்லோரும் மின்னஞ்சலைத்தான் எடுப்பார்கள். நாங்களும் முதல் பதிப்பில் அப்படித்தான் செய்தோம். வாடிக்கையாளர் நிறுவனத்தில் ஒருவர் பெயரை மாற்றிக்கொண்டார், மின்னஞ்சலும் மாறியது. திங்கட்கிழமை காலை நுழைந்தவருக்குக் காலியான புதுக் கணக்கு திறந்தது, மூன்று வருட வேலை பழைய கணக்கில் கிடந்தது. இன்னொரு நிறுவனத்தில் நடந்தது அதைவிட மோசம். வேலையை விட்டுப் போனவரின் மின்னஞ்சலை, அதே பெயரில் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். முதல் நாள் நுழைந்தவர் முன்னவரின் கோப்புகளைப் பார்த்தார்.

மைக்ரோசாஃப்டில் இது பாதுகாப்புச் சிக்கலாகவும் ஆகும். அங்கே டோக்கனில் வரும் மின்னஞ்சலை ஒரு டெனன்டின் (ஒரு நிறுவனத்துக்கான தனிப் பகுதி) நிர்வாகி தன் விருப்பத்துக்கு மாற்ற முடியும். அதை வைத்து வேறொருவரின் கணக்கில் நுழையும் வழி 2023-ல் ‘என்ஓஆத்’ என்ற பெயரில் வெளியானது. மின்னஞ்சலைச் சாவியாக நம்பிய ஆப்கள்தான் அதில் மாட்டின.

சாவி எப்போதும் இரண்டு மதிப்புகளின் ஜோடி: இஷ்யூயர், அதோடு ‘சப்’ எனும் பயனர் எண். நெறிமுறை உறுதி தருவது இந்த ஜோடிக்கு மட்டும்தான். ‘சப்’ தனியாகப் போதாது, ஏனென்றால் இரண்டு ப்ரொவைடர்கள் ஒரே மதிப்பைத் தருவதற்குத் தடை இல்லை.

இதிலும் ப்ரொவைடருக்கு ப்ரொவைடர் நுணுக்கம் உண்டு.

கூகுளின் ‘சப்’ பார்க்க எண் போலவே இருக்கும், பெரும்பாலும் 21 இலக்கம். எண்ணாகச் சேமிக்கவே கூடாது. ஜாவாஸ்கிரிப்ட் எண் துல்லியமாகத் தாங்குவது 9007199254740991 வரை, அதாவது 16 இலக்கம்தான். அதற்கு மேல் கடைசி இலக்கங்கள் உருண்டுவிடும், பிறகு இரண்டு பேர் ஒரே ஆளாகலாம். 255 எழுத்து வரை தாங்கும் உரைப் புலமாக, பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாடு பார்க்கும் புலமாக வையுங்கள்.

மைக்ரோசாஃப்டின் லாகின் சேவையான என்ட்ராவில் ‘சப்’ ஒவ்வொரு ஆப் பதிவுக்கும் மாறும். வெப்புக்கு ஒரு பதிவு, மொபைலுக்கு ஒரு பதிவு வைத்திருந்தால் ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவார். அங்கே ‘டிஐடி’ எனும் டெனன்ட் எண்ணையும் ‘ஓஐடி’ எனும் ஆள் எண்ணையும் ஜோடியாக எடுங்கள். ‘ஓஐடி’ கிடைக்க ‘ப்ரொஃபைல்’ ஸ்கோப்பையும் (எந்தத் தகவல் வேண்டும் என்ற கோரிக்கை) கேட்டிருக்க வேண்டும், பலர் இதை மறப்பார்கள்.

ஆப்பிளின் ‘சப்’ உங்கள் டெவலப்பர் டீமோடு கட்டுப்பட்டது. ஆப்பை வேறொரு டீமுக்கு மாற்றினால் எல்லோருடைய எண்ணும் மாறும். பழையதைப் புதியதோடு பொருத்த 60 நாள் அவகாசம் உண்டு. உங்கள் நிறுவனத்தை யாராவது வாங்கப் போகிறார்கள் என்றால் இது வழக்கறிஞர்கள் பேசும் மேசைக்கே போக வேண்டிய விஷயம்.

ஒருவர் இரண்டு ப்ரொவைடர் வழியாக வந்தால், மின்னஞ்சல் ஒத்துப்போகிறது என்பதற்காகத் தானாக இணைக்காதீர்கள். பழைய வழியில் ஒருமுறை நுழையச் சொல்லி, உள்ளே இருக்கும்போது புதியதைச் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் அவர்தான் என்று அப்போதுதான் நிரூபணம் ஆகும்.

4. வேறுபாடுகளுக்கு ஒரே இடம்

கோடு முழுக்க ‘மைக்ரோசாஃப்ட் என்றால் இப்படி’ என்ற இஃப் வரிகளைத் தூவினால், நான்காவது ப்ரொவைடர் வரும்போது யாருக்கும் எதுவும் புரியாது. ப்ரொவைடருக்கு ஒரு சின்ன அடாப்டர் எழுதுங்கள். அதன் வேலை மூன்றுதான்: லாகின் வேண்டுகோளைத் தயார் செய்வது, வந்த டோக்கனைச் சரிபார்ப்பது, உள்ளிருக்கும் தகவலை உங்கள் சொந்த வடிவத்துக்கு மாற்றுவது.

அடாப்டரைத் தாண்டி வெளியே வருவது உங்கள் வடிவம் மட்டும்தான். உதாரணமாக, மின்னஞ்சல் உறுதியானதா என்ற ஃபீல்டு ஆப்பிளிடமிருந்து சில நேரம் பூலியனாக வரும், சில நேரம் உரையாக வரும். உரையாக வரும் ‘ஃபால்ஸ்’ காலியில்லாத உரை என்பதால் பல மொழிகளில் உண்மை என்றே கணக்காகும். இந்த மாற்றத்தை அடாப்டருக்குள்ளேயே முடித்துவிட்டால் மற்ற கோடு இதை நினைக்கவே வேண்டியதில்லை.

5. இஷ்யூயர், சாவி, நேரம்

டோக்கனில் உள்ள இஷ்யூயர், ஆவணத்தில் உள்ள இஷ்யூயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஆத்0 எனும் ப்ரொவைடரின் முகவரி கடைசியில் ஒரு சாய்கோட்டோடு முடியும், அதை நீக்கினால் பொருந்தாது. கூகுள், எச்டிடிபிஎஸ் முன்னொட்டோடும் தரலாம், இல்லாமலும் தரலாம் என்று தன் ஆவணத்தில் சொல்கிறது. அந்த இரண்டை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஓக்டா எனும் ப்ரொவைடரில் நிறுவன சர்வருக்கு ஒரு இஷ்யூயர், நாமே உருவாக்கும் சர்வருக்கு வேறு இஷ்யூயர். எது என்று வாடிக்கையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மைக்ரோசாஃப்டின் பொதுவான ‘காமன்’ முகவரியில் வரும் ஆவணத்தில் இஷ்யூயர் முழுமையாக இருக்காது. டெனன்ட் எண் வர வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுக் குறிதான் இருக்கும். லைப்ரரி அதை அப்படியே ஒப்பிட்டுப் பிழை காட்டும். போன வருடம் சேர்ந்த தம்பி ஒருவர் மாலை ஆறு மணிக்கு வந்து, “அண்ணா, இஷ்யூயர் செக்கை ஆஃப் பண்ணிட்டேன், இப்ப வேலை செய்யுது” என்றார். அன்றைக்கு இருவரும் எட்டரை வரை உட்கார்ந்தோம்.

அந்தச் சோதனையை நிறுத்தினால் என்ன ஆகும் என்றால், உலகத்தில் எந்த டெனன்டிலிருந்து வரும் டோக்கனும் உள்ளே வந்துவிடும். பல டெனன்டுகளுக்குத் திறந்த ஆப்புக்கு ஆடியன்ஸ் மதிப்பும் (டோக்கன் எந்த ஆப்புக்கு என்பது) பொருந்தும், கையெழுத்தும் பொருந்தும். சரியான வழி: டோக்கனில் உள்ள ‘டிஐடி’யை அந்த வெற்றுக் குறியில் நிரப்பி ஒப்பிட வேண்டும், பிறகு அந்த டெனன்ட் நம் வாடிக்கையாளர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூகுளில் இதற்கு இணையானது ‘எச்டி’ ஃபீல்டு. லாகின் வேண்டுகோளில் ‘எச்டி’ அனுப்புவது திரையில் காட்டுவதற்கான குறிப்புதான், பயனர் அதை யுஆர்எல்லில் மாற்றிவிடலாம். டோக்கனுக்குள் வருவதைச் சரிபாருங்கள்.

கீக்ளோக்கை டாக்கரில் நடத்துபவர்களுக்கு வேறு ஒரு தொல்லை. பிரவுசர் வெளி முகவரியில் போகும், சர்வர் உள் முகவரியில் போகும், இஷ்யூயர் இரண்டாகத் தெரியும். கீக்ளோக்கின் ஹோஸ்ட்நேம் அமைப்பில் வெளி முகவரியை நிலையாக வையுங்கள். பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் பாதையில் ‘ஆத்’ என்ற பகுதியைச் சேர்ப்பார்கள். 17-ஆம் பதிப்பிலிருந்து அது இயல்பாக இல்லை.

கையெழுத்துச் சாவிகளை முன்னறிவிப்பு இல்லாமல் ப்ரொவைடர்கள் மாற்றுவார்கள். சாவியைக் கோடில் பதிக்காதீர்கள். நினைவில் வைத்திருங்கள், தெரியாத சாவி எண்ணோடு டோக்கன் வந்தால் ஒருமுறை புதிதாக எடுங்கள். அந்த ஒருமுறைக்கும் வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் யாராவது போலி எண்களை அனுப்பியே உங்கள் சர்வரை ஓயாமல் ஓடவைக்கலாம். ஆல்கரிதத்தை டோக்கன் சொல்வதை வைத்து முடிவு செய்யக் கூடாது. உங்கள் அட்டவணையில் எழுதியதை மட்டும் ஏற்க வேண்டும்.

நேரத்துக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் தளர்வு கொடுங்கள். மூடித் திறந்த லேப்டாப்பில் விர்ச்சுவல் மெஷினின் கடிகாரம் பின்தங்கி, டோக்கன் எதிர்காலத்தில் வழங்கப்பட்டது என்ற பிழை வரும்.

6. டோக்கன் வாங்கும்போது

கிளையன்ட் சீக்ரெட்டை வேண்டுகோளின் தலைப்பில் (ஹெடர்) அனுப்புவது ஒரு முறை, உடலில் (பாடி) அனுப்புவது இன்னொன்று. ஆவணம் எதையும் சொல்லவில்லை என்றால் தலைப்பு முறைதான் இயல்பு. தலைப்பில் அனுப்பும்போது பெயரையும் சீக்ரெட்டையும் முதலில் யுஆர்எல் குறியீடாக்கி, பிறகு பேஸ்64 ஆக்க வேண்டும் என்று நெறிமுறை சொல்கிறது. எல்லா சர்வர்களும் அதைப் பின்பற்றுவதில்லை. கூட்டல் குறியோ சதவீதக் குறியோ உள்ள சீக்ரெட் ஒரு சர்வரில் ஏற்கப்பட்டு இன்னொன்றில் மறுக்கப்பட்டால் முதலில் இங்கே பாருங்கள்.

ஆப்பிளிடம் நிலையான சீக்ரெட் கிடையாது. இஎஸ்256 முறையில் நாமே கையெழுத்திட்ட டோக்கன்தான் சீக்ரெட், அதிகபட்சம் 6 மாதம் செல்லும். சாவிக் கோப்பை ஒரே ஒருமுறைதான் டவுன்லோடு செய்ய முடியும், உடனே சீக்ரெட் பெட்டகத்தில் வையுங்கள்.

இடையில் திருடிய விடையை வேறொருவர் டோக்கனாக மாற்றுவதைத் தடுக்கும் பிகேசிஇ பாதுகாப்பை எல்லா ப்ரொவைடருக்கும், எஸ்256 முறையில், சேருங்கள்.

7. திரும்பி வரும் வழி

திரும்பும் முகவரி எழுத்துக்கு எழுத்து பதிவோடு ஒத்திருக்க வேண்டும். இதை எல்லோரும் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். கஷ்டம் ஆப்பிளில்தான்.

பெயரோ மின்னஞ்சலோ கேட்டால் ஆப்பிள் விடையை போஸ்ட் வேண்டுகோளாக அனுப்பும், மற்றவை இயல்பாக கெட் வழியில் அனுப்பும். வேறு தளத்திலிருந்து வரும் போஸ்டில், ‘சேம்சைட்’ அமைப்பில் ‘லேக்ஸ்’ என்று குறித்த குக்கீ வராது. விடை உங்கள் வேண்டுகோளுக்குத்தான் என்று காட்டும் ‘ஸ்டேட்’ மதிப்பு அந்தக் குக்கீயில் இருந்தால் சரிபார்ப்பு தோற்கும்.

இதில் எங்களை இரண்டு நாள் சுற்ற வைத்தது ஒன்று உண்டு. எங்கள் குக்கீயில் எந்தக் குறியும் இல்லை. சோதனையில் எப்போதும் லாகின் ஆனது, பயனர்களில் சிலருக்கு மட்டும் ஆகவில்லை. காரணம் இதுதான்: குறி இல்லாத குக்கீயை க்ரோம் லேக்ஸ் போல நடத்தும், ஆனால் குக்கீ உருவாகி 2 நிமிடத்துக்குள் போஸ்ட் வந்தால் விட்டுவிடும். எங்கள் டெஸ்டர் சட்டென்று கடவுச்சொல் போட்டுவிடுவார். பயனரோ ஃபோனைத் தேடி, ஆறு இலக்க எண்ணைப் பார்த்து, தட்டி வருவதற்குள் 2 நிமிடம் தாண்டியிருக்கும்.

தீர்வு: ஸ்டேட் வைக்கும் குறுகிய ஆயுள் குக்கீக்கு மட்டும் ‘சேம்சைட் நன்’, ‘செக்யூர்’ இரண்டையும் கொடுங்கள். முக்கிய செஷன் குக்கீயைத் தொடாதீர்கள், அதைத் தளர்த்தினால் வேறு தாக்குதலுக்கு வழி திறக்கும். ஒருவர் இரண்டு டேப்பில் ஒரே நேரத்தில் லாகின் செய்யலாம் என்பதையும் மனதில் வைத்து, ஸ்டேட்டும் நான்ஸும் (டோக்கனுக்குள் திரும்பி வரும் ஒருமுறை மதிப்பு) முயற்சிக்கு ஒன்றாகச் சேமியுங்கள்.

ஆப்பிள் பயனரின் பெயர் முதல்முறை மட்டும்தான் வரும், அதுவும் டோக்கனில் இல்லாமல் அந்த போஸ்டில். வந்தவுடன் சேமியுங்கள். அதற்குப் பிறகு வரும் ஏதோ ஒரு படியில் பிழை நேர்ந்து டேட்டாபேஸ் பின்வாங்கினால் பெயர் போய்விடும். மறுபடி சோதிக்க, ஆப்பிள் கணக்கின் அமைப்புகளில் போய் உங்கள் ஆப்பின் அனுமதியை நீக்க வேண்டும்.

8. ரீஃப்ரெஷ் டோக்கன்

பயனர் மறுபடி நுழையாமலே புது டோக்கன் வாங்க உதவுவது ரீஃப்ரெஷ் டோக்கன். முதலில் இது வேண்டுமா என்று கேளுங்கள். லாகின் மட்டும்தான் என்றால் வேண்டாம். பயனர் இல்லாத நேரத்தில் அவருடைய காலண்டரைப் படிக்க வேண்டும் என்பது போன்ற தேவை இருந்தால் மட்டும் கேளுங்கள்.

மைக்ரோசாஃப்டில் ‘ஆஃப்லைன் ஆக்சஸ்’ என்ற ஸ்கோப் கேட்க வேண்டும். கூகுளில் அந்த ஸ்கோப் இல்லை, ‘ஆக்சஸ் டைப்’ என்ற தனி அளவுருவில் ஆஃப்லைன் என்று சொல்ல வேண்டும். அப்போதும் முதல் சம்மதத்தின்போதுதான் தரும். மறுபடி வேண்டுமானால் சம்மதத் திரையைத் திரும்பக் காட்டச் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு லாகினிலும் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு கணக்குக்கு, ஒரு கிளையன்டுக்கு, 100 ரீஃப்ரெஷ் டோக்கன்தான். அதைத் தாண்டினால் பழையது சத்தமில்லாமல் செல்லாமல் போகும். கூகுளில் ஆப் இன்னும் ‘சோதனை’ நிலையில் இருந்தால் ரீஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதியாகும். வாரா வாரம் உடைகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

புதுப்பிக்கும்போது சில ப்ரொவைடர்கள் புது ரீஃப்ரெஷ் டோக்கனும் தருவார்கள், சிலர் தர மாட்டார்கள். தந்தால் மாற்றுங்கள், தராவிட்டால் பழையதை வைத்திருங்கள். வந்ததை அப்படியே டேட்டாபேஸில் எழுதும் கோடு, கூகுளிடம் முதல் புதுப்பித்தலிலேயே பழையதன் மேல் வெற்றிடத்தை எழுதிவிடும். புதுப்பிப்புக்கு ஒரு பூட்டும் வேண்டும். டோக்கனைச் சுழற்றும் ப்ரொவைடர்களில், இரண்டு சர்வர்கள் ஒரே டோக்கனை ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் திருட்டு என்று கருதி முழு வரிசையையும் ரத்து செய்ய வாய்ப்புண்டு.

9. லாக்அவுட்

உங்கள் செஷனை மட்டும் முடிப்பதா, ப்ரொவைடரிடமும் வெளியேற்றுவதா என்று முதலில் முடிவெடுங்கள். கூகுளில் இரண்டாவதற்கு வழி இல்லை. கீக்ளோக்கின் இப்போதைய பதிப்புகளில், வெளியேறிய பின் திரும்பி வரும் முகவரியோடு ஐடி டோக்கனையோ கிளையன்ட் எண்ணையோ அனுப்ப வேண்டும். பொதுக் கணினியில் பயன்படும் ஆப் என்றால், வாடிக்கையாளரிடம் இந்த வேறுபாட்டை முன்பே சொல்லிவிடுங்கள்.

10. வெளியிடும் முன்னும் பின்னும்

லாகின் ஆகிறதா என்று மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்தது. ஆகக் கூடாத இடத்தில் ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். காலாவதியான டோக்கன், வேறு ஆப்புக்கு வழங்கிய டோக்கன், தவறான நான்ஸ், பட்டியலில் இல்லாத டெனன்ட், கையெழுத்தே இல்லாத டோக்கன். இந்த ஐந்தையும் ஒவ்வொரு அடாப்டருக்கும் தானியங்கிச் சோதனையாக எழுதுங்கள்.

நிறுவனக் குழுக்களை வைத்து அனுமதி கொடுப்பவர்கள், மைக்ரோசாஃப்டில் 200-க்கு மேல் குழுக்களில் உள்ள ஒருவரைக் கொண்டும் சோதியுங்கள். அவருக்குக் குழுப் பட்டியல் டோக்கனில் வராது, கிராஃப் ஏபிஐயில் போய் எடுத்துக்கொள் என்ற சுட்டிதான் வரும். பெரும்பாலும் அவர் அந்த நிறுவனத்தின் மூத்த நிர்வாகியாக இருப்பார்.

லாக் கோப்பில் இஷ்யூயர், சாவி எண், பிழைக் குறி, எந்தப் படியில் நின்றது என்பவற்றை எழுதுங்கள். டோக்கனை எழுதவே கூடாது.

கடைசியாகக் காலண்டர். ஆப்பிள் சீக்ரெட்டை அதன் 6 மாதம் முடியும்வரை விடாமல், புதிதாக உருவாக்கும் வேலையைத் தானியங்கியாக்குங்கள். மைக்ரோசாஃப்ட் போர்ட்டலில் உருவாக்கும் சீக்ரெட் அதிகபட்சம் 24 மாதம். உருவாக்கியவர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார், பெங்களூரில் இது சாதாரணம். அதனால் நினைவூட்டலைத் தனி ஆளின் பெயரில் வைக்காமல் டீமின் பொது காலண்டரில், காலாவதிக்கு 30 நாள் முன்பாக வையுங்கள். மைக்ரோசாஃப்ட் ஒரே நேரத்தில் இரண்டு சீக்ரெட்டுகளை அனுமதிக்கும். புதியதைச் சேர்த்து, எல்லா சர்வர்களிலும் மாற்றி, ஒருநாள் பார்த்துவிட்டுப் பழையதை நீக்குங்கள்.